மேசையைத் தூக்கிய மத்தியானம்

போன மாதம் முழங்கால் வலிக்காக ஓசூரில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் இரண்டு நாள் படுத்திருந்தேன். ஒரு நர்ஸ் பெண் அட்டையில் சொருகிய காகிதத்தோடு வந்து கட்டிலோரம் நின்று கேள்வி கேட்டாள். இதற்கு முன்னே விழுந்ததுண்டா, தலை சுற்றுமா, கைத்தடி உண்டா, தூக்க மாத்திரை உண்டா. ஒவ்வொரு பதிலுக்கும் மதிப்பெண் போட்டாள். கூட்டிப் பார்த்துவிட்டு என் மணிக்கட்டில் மஞ்சள் பட்டை ஒன்றைக் கட்டினாள்.

"பாட்டிம்மா, உங்களுக்குக் கீழ விழற ரிஸ்க் ஜாஸ்தி."

"அது எனக்குப் பொறந்ததுலேர்ந்தே தெரியும் கண்ணு" என்றேன்.

நானும் இந்த வேலையில் இருந்தவள் என்று தெரிந்ததும் அவள் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள். "இந்தப் பேப்பர் எல்லாம் இல்லாம உங்க காலத்துல யாருக்கு ஆபத்துன்னு எப்படி மேடம் கண்டுபுடிச்சீங்க?" என்று கேட்டாள். பதில் சொல்லி முடிப்பதற்குள் டிஸ்சார்ஜ் சீட்டு வந்துவிட்டது. அதனால் எழுதுகிறேன். அந்தக் காகிதத்தை நான் குறை சொல்லமாட்டேன். என்னைப் போன்ற பயந்த பிறவிக்கு அப்படி ஒன்று அன்றைக்கே கிடைத்திருந்தால் என் தலையில் பாதி முடி இன்னும் கறுப்பாக இருந்திருக்கும்.

பயம் எங்கள் வீட்டுச் சொத்து. எங்கள் ஊர் காவேரிப்பட்டினம். தென்பெண்ணையில் தண்ணீர் வந்தால் அடித்துக்கொண்டு போய்விடும் என்று அம்மா பள்ளிக்கூடம் அனுப்பமாட்டாள். தண்ணீர் வற்றினால் மணலில் குழி இருக்கும் என்று அனுப்பமாட்டாள். இப்படியே எட்டாவதோடு என் படிப்பு நின்றது. மிட்வைஃப் பயிற்சிக்கு எட்டாவது போதும் என்று யாரோ அப்பாவிடம் சொன்னார்கள். அம்மா அதற்கு உடனே சம்மதித்ததுதான் ஆச்சரியம். "ஆஸ்பத்திரின்னா டாக்டரு பக்கத்துலயே இருப்பாரு. இவளுக்கு ஒண்ணுன்னா ஒடனே பாத்துக்குவாரு" என்றாளாம்.

சேலத்தில் ஒன்றரை வருஷம் பயிற்சி. நகம் ஒட்ட வெட்டவும், வெந்நீர் கொதிக்க வைக்கவும், பிள்ளை வரும்வரை பொறுமையாக இருக்கவும் கற்றுக்கொண்டேன். பயப்படுவதில் ஏற்கெனவே தேர்ச்சி. ஐம்பதுகளின் நடுவில், கிருஷ்ணகிரிக்கும் ஓசூருக்கும் இடையில் பெங்களூர் ரோட்டை ஒட்டிய ஒரு சிறிய ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்தது. அதன் பெயர் இங்கே வேண்டாம். இன்றைக்குத் தொழிற்சாலை பஸ்கள் வரிசையாகப் போகும் இடத்தில் அன்றைக்கு ராகிக் கொல்லையும் மாந்தோப்பும் இருந்தன.

பெண்கள் வார்டில் பன்னிரண்டு கட்டில், பகலில் ஒரே ஒரு நர்ஸ். வாசல் பக்கம் எங்கள் மேசை. யானைக் குட்டி மாதிரி ஒரு தேக்கு மேசை அது. மேசைக்கு நேர் எதிரே ஒன்றாம் நம்பர் கட்டில். யாருக்கு ஆபத்து அதிகமோ அவரை அங்கே போடவேண்டும், தலையைத் தூக்கினால் கண்ணில் படவேண்டும் என்பது ஏற்பாடு. நல்ல ஏற்பாடுதான். ஆனால் ரொம்ப முடியாதவர்களையே அதில் போட்டதால் அதிலிருந்து போய்ச் சேர்ந்தவர்களும் அதிகம். சுற்றுப்பட்டு கிராமம் முழுக்க அந்தக் கட்டிலுக்கு ஒரு பெயர் உண்டாகிவிட்டது. "ஒண்ணாம் நெம்பருக்குத் தள்ளிட்டாங்களா?" என்று கேட்டாலே சொந்தக்காரர்கள் வண்டி கட்ட ஓடுவார்கள்.

வார்டின் தலைமை ஞானம்மா சிஸ்டர். திருநெல்வேலிப் பக்கம். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். விரைப்பாகக் கஞ்சி போட்ட ஏப்ரன், அதில் தலைகீழாகக் குத்திய கடிகாரம். அவர் ரவுண்டு வரும் முறையே தனி. முதலில் கட்டிலின் கால்மாட்டில் நின்று தொடாமல் பார்ப்பார். மூச்சு எப்படி ஏறி இறங்குகிறது, முகம் எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது, கஞ்சி எவ்வளவு மிச்சம். பிறகுதான் பக்கத்தில் வந்து புறங்கையால் நெற்றியைத் தொடுவார். நாடியை முழு ஒரு நிமிஷம் பிடிப்பார். அரை நிமிஷம் எண்ணி இரண்டால் பெருக்கினால் அவருக்குக் கெட்ட கோபம் வரும். "மிச்ச அரை நிமிசத்துல ரயிலா புடிக்கப் போற?" என்பார். கடைசியாக நோயாளியை விட்டுவிட்டு உறவுக்காரர்களைப் பார்ப்பார். "நேத்து சிரிச்சிட்டு உக்காந்திருந்தவ இன்னைக்கு ஏன் வாசல்ல போய் நிக்கா? கேளுட்டி."

தினமும் காலையில் என்னிடம் ஒரு கேள்வி உண்டு. "இன்னைக்கு ஒண்ணாம் கட்டில்ல யாரப் போடலாம்?"

வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம் நான் உண்மையைச் சொன்னேன். "பன்னெண்டு பேரையும் சிஸ்டர்."

ஆயா காதர்பீ அக்கா வாளியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள். "பேசாம நீ போய்ப் படுத்துக்கோ தாயி. நாங்க பன்னெண்டு பேரும் ஒன்னப் பாத்துக்கறோம்."

அடுத்தது நாவல்பழ விவகாரம். காய்ச்சலுக்குச் சேர்ந்திருந்த ஒரு பெண்ணின் உதடு ஒருநாள் மதியம் நீலமாக இருந்தது. உதடு நீலமானால் மூச்சுக்கு ஆபத்து என்று சேலத்தில் படித்திருக்கிறேன். நாடி பார்க்கவில்லை, மூச்சு எண்ணவில்லை. நேராக டாக்டர் குவார்ட்டர்ஸுக்கு ஓடினேன். சாப்பாட்டில் இருந்தவர் கையைக்கூடக் கழுவாமல் வந்தார். அந்தப் பெண்ணின் நாக்கை நீட்டச் சொன்னார். நாக்கு இன்னும் அழகான ஊதா.

"எத்தனை பழம் சாப்பிட்டேம்மா?" என்று கேட்டார்.

அவள் வெட்கப்பட்டு, தலையணைக்கு அடியிலிருந்து மிச்சத்தை எடுத்து அவரிடமே நீட்டினாள். அவர் ஒன்றை வாயில் போட்டுக்கொண்டு போனார். ஆறு மாதம் என் பெயர் நாவப்பழ நர்ஸ்.

அன்று சாயங்காலம் சிஸ்டர் எனக்கென்று ஒரு சட்டம் போட்டார். யாரையும் கூப்பிடுவதற்கு முன்னால் மூன்று விஷயம் கையில் இருக்கவேண்டும். கண்ணால் கண்டது ஒன்று, கையால் தொட்டது ஒன்று, கடிகாரத்தை வைத்து எண்ணியது ஒன்று. "மூணும் இருந்தா எமனையே எழுப்பு. இல்லையின்னா அது வெறும் பயம். உன் பயத்துக்கு டாக்டர் எதுக்குட்டி?" இது எனக்குப் பெரிய நிம்மதியாகப் போயிற்று. பயப்படாதே என்று ஊரே சொல்லியிருக்கிறது. பயந்தால் அடுத்து என்ன செய்யவேண்டும் என்று அதுவரை ஒருவரும் சொன்னதில்லை.

இனி நாகம்மா கதைக்கு வருகிறேன்.

தேன்கனிக்கோட்டை ரோட்டில் ஒரு கிராமம். கன்னடம் பேசுகிற விவசாயக் குடும்பம். நாலு ஆண் பிள்ளைகளுக்குப் பிறகு ஐந்தாவது பிரசவம். காலை பத்தரைக்கு என் கையில்தான் பெண் குழந்தை பிறந்தது. குடும்பமே கொண்டாடிற்று. மாமியார் கௌரம்மா என் கன்னத்தை வழித்துத் திருஷ்டி கழித்தாள். புருஷன் மாதப்பன் வார்டு முழுக்க வெல்லம் கொடுத்தான். நாகம்மாவை ஜன்னலோரம் ஒன்பதாம் கட்டிலில் படுக்க வைத்தோம். என் மேசையிலிருந்து அந்தக் கட்டில் தெரியாது. நடுவில் தூண்.

பன்னிரண்டு மணிக்கு நாடி எண்பத்து நாலு. தொப்புளுக்குக் கீழே கருப்பை விளாங்காய் மாதிரி கெட்டியாக இருந்தது. "ஒண்ணுக்குப் போனாளா?" என்று மாமியாரைக் கேட்டேன். "ஆச்சு ஆச்சு" என்றாள். 'சிறுநீர் போனது' என்று சீட்டில் எழுதிவிட்டு நகர்ந்தேன்.

ஒரு மணிக்கு நாடி தொண்ணூற்றிரண்டு. நாகம்மா தண்ணீர் கேட்டுக்கொண்டே இருந்தாள். மாமியார் கொடுக்கவில்லை. "பச்ச ஒடம்புக்கு நீரு ஆவாதும்மா. பேடா பேடா" என்று வேண்டாமெனக் கையை ஆட்டினாள். இங்கேதான் குழப்பம். உள்ளே ரத்தம் போனாலும் தாகம் எடுக்கும், மாமியார் தண்ணீர் தராவிட்டாலும் தாகம் எடுக்கும். கொட்டாவி விட்டாள். ராத்திரியெல்லாம் வலி கண்டவள் கொட்டாவி விடாமல் என்ன செய்வாள்? துணியைப் பார்க்கலாம் என்றால், அதை அடுத்தவர் பார்ப்பது கூடாது என்று கௌரம்மா அவளே மாற்றி அவளே சுருட்டி எங்கோ வைத்துவிட்டாள். "கொஞ்சம்தாம்மா" என்ற சொல் மட்டும் எனக்குக் கிடைத்தது.

ஒன்றரை மணிக்கு முழு நிமிஷம் எண்ணினேன். நூற்று நாலு. மேலுதட்டில் குளிர்ந்த வியர்வை. வயிற்றில் கை வைத்தேன். கருப்பை தொப்புளுக்கு மேலே ஏறி, வலது பக்கம் சாய்ந்து, பாதி வெந்த களி மாதிரி கொழகொழவென்று இருந்தது. தேய்த்துவிட்டேன். இறுகியது, கட்டி கட்டியாக ரத்தம் வந்தது. கையை எடுத்துப் பத்து எண்ணுவதற்குள் மறுபடி களி.

டாக்டர் காலரா ஊசி போட ஜீப்பில் போயிருந்தார், சாயங்காலம்தான் வருவார். சிஸ்டர் ஆண்கள் வார்டில் கட்டு மாற்றிக்கொண்டிருந்தார். காதர்பீ அக்காவைத் தேய்க்கச் சொல்லிவிட்டு ஓடினேன். வாசலில் நின்று, "கண்டது குளிர் வியர்வை, தொட்டது களி, எண்ணியது நூத்தி நாலு" என்று ஒரே மூச்சில் சொன்னேன்.

சிஸ்டர் கத்தரிக்கோலைப் போட்டுவிட்டு எனக்கு முன்னால் ஓடினார்.

வந்தார், பார்த்தார், தொட்டார். கட்டில் கால்மாட்டில் செங்கல் வைத்து உயர்த்தச் சொன்னார். கருப்பை சுருங்க ஊசி போட்டார். "இவ பக்கத்துல சாயந்தரம் வரைக்கும் ஆள் இருக்கணும். ஒண்ணாம் கட்டிலுக்கு மாத்துங்க" என்றார்.

நாலு நாளைக்கு முன்புதான் அந்தக் கட்டிலில் ஒருத்தி போய்ச் சேர்ந்திருந்தாள். கௌரம்மா எழுந்து நின்றாள்.

"ஒண்ணாம் நெம்பருக்கா? எம் மருமவளயா? டேய் மாதா, வண்டிய கட்டுடா!"

"ஏம்மா, வண்டியில குலுக்கிட்டுப் போனா வழியிலயே போயிருவா" என்றார் சிஸ்டர்.

"இங்க இருந்தா மட்டும் இன்னா? நாளு பாத்து மேல அனுப்புவீங்களா? காலைல நல்லாத்தான இருந்தா! நீங்க ஊசி குத்தித்தான் இப்பிடி ஆயிட்டா!"

மாதப்பன் வெளியே ஓடினான். மாட்டுச் சலங்கை ஓசை ஜன்னல் வழியாகக் கேட்டது. ஒன்பதிலேயே விட்டுவிட்டு மற்றப் பதினொரு பேரை நான் பார்க்கப் போனால் தூணுக்குப் பின்னால் இவள் அடங்கிவிடுவாள். ஒன்றுக்கு மாற்றினால் வண்டியில் ஏற்றிவிடுவார்கள். ஐந்து மைல் கல் ரோடு. எப்படிப் போட்டாலும் கணக்கு ஒன்றுதான்.

"சிஸ்டர்" என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை. "இவளை அங்கே கொண்டுபோகவேண்டாம். மேசையை இங்கே கொண்டுவந்துவிட்டால்?"

சிஸ்டர் என்னைப் பார்த்த பார்வையில் கோயிலைப் பெயர்க்கச் சொன்னவளாகிவிட்டேன். "ஏட்டி, அது நான் வந்த நாள்ல இருந்து அங்ஙனதான் கெடக்கு. பெரிய டாக்டர் இன்ஸ்பெக்சன் வந்தா..." என்று ஆரம்பித்தவர், தன் விரலுக்கடியில் ஓடும் நாடியைக் கவனித்து நிறுத்தினார். "நூத்திப் பதினாறு. தூக்குங்க."

மாதப்பன் கையில் கயிற்றோடு பெண்டாட்டியைத் தூக்கிப்போக உள்ளே வந்தான். சிஸ்டர் அவனைப் பேசவே விடவில்லை. "வந்துட்டியா? அந்தப் பக்கம் புடி." அவன் பிடித்தான். எதற்கென்று தெரியாமலே பிடித்தான். ஒரு பக்கம் அவன், இந்தப் பக்கம் நானும் சிஸ்டரும், முன்னால் வழி விலக்கிக்கொண்டு காதர்பீ அக்கா. உற்சவ மூர்த்தி மாதிரி மேசை வார்டின் நடுவே போயிற்று. படுத்திருந்தவர்கள் எல்லாம் எழுந்து உட்கார்ந்து பார்த்தார்கள். ஜன்னலுக்கு அடியில், நாகம்மாவின் தலைமாட்டை ஒட்டி இறக்கினோம்.

கௌரம்மாவுக்குக் குழப்பம். "இது இன்னாத்துக்கு?"

"நீ வரமாட்டேன்னுட்ட. அதான் ஆபீசே உங்கிட்ட வந்துட்டுது" என்றாள் காதர்பீ அக்கா.

கிழவி கொஞ்ச நேரம் மேசையைத் தடவிப் பார்த்தாள். "சரி, அவுத்து உடுடா மாட்ட" என்றாள்.

வண்டி நின்றது. ஆனால் ரத்தம் நிற்கவில்லை. ஊசி போட்டும் கருப்பை இறுகுவதும் தளர்வதுமாகவே இருந்தது. நாடி நூற்றிருபது. சிஸ்டர் கண்ணை மூடி வயிற்றைத் தடவினார்.

"வலது பக்கம் சாஞ்சிருக்கே. மூத்திரப் பை நெறஞ்சு முட்டி, இறுக விடாம பண்ணுதோ? ஒண்ணுக்குப் போனாளா?"

"போனது என்று எழுதியிருக்கிறேன் சிஸ்டர்."

"எழுதுனத கேக்கல. கண்டியா?"

இல்லை என்று தலையாட்டினேன். வாழ்நாள் முழுக்க இல்லாததற்கெல்லாம் பயந்தவள், பயப்படவேண்டிய ஒரே இடத்தில் கேட்டதை எழுதிவிட்டு நகர்ந்திருக்கிறேன்.

நாகம்மாவின் காதருகே குனிந்து கேட்டேன். "உண்மையச் சொல்லும்மா. எப்பப் போன?"

அவள் கண்ணால் ஜன்னலைக் காட்டினாள். "மாமனாரு ஒக்காந்துகினு இருக்காருக்கா" என்றாள், உதடு மட்டும் அசைய.

ஜன்னலுக்கு வெளியே புளிய மரத்தடியில் வண்டி. வண்டிமேல் மாமனார், பேத்தி பிறந்த சந்தோஷத்தில் பீடி பிடித்துக்கொண்டு, இந்தப் பக்கமே பார்த்தபடி. அந்த ஜன்னலுக்குக் கதவு கிடையாது. இந்தக் கட்டிலுக்கு வந்ததிலிருந்து அடக்கிக்கொண்டு கிடந்திருக்கிறாள். மாமியாருக்கும் தெரியும். நாலு பேர் நடுவே அதை எப்படிச் சொல்வது என்று "ஆச்சு" என்றிருக்கிறாள்.

வார்டில் இருந்த ஒரே மறைப்புத் தட்டி ஒன்றாம் கட்டிலுக்குச் சொந்தம். அதைக் கொண்டுவந்தால் கிழவி மறுபடி வண்டி கட்டுவாள். சிஸ்டர் மேசையைப் பார்த்தார், காதர்பீ அக்காவைப் பார்த்தார்.

"ஏறுங்க" என்றார்.

"சர்க்கார் மேசை மேலயா?"

"ஏறுங்கன்னேன்!"

காதர்பீ அக்கா மேசைமேல் ஏறி நின்று கம்பளியை ஜன்னல் கம்பியில் கட்டினாள். "பெரியவரே, கண்ணத் திருப்பு! இங்க ஒண்ணும் கூத்து நடக்கல" என்று வெளியே ஒரு சத்தமும் போட்டாள். தானாகப் போகாவிட்டால் மூத்திரத்தை எடுக்க, சிஸ்டர் ரப்பர் குழாயைக் கொதிக்கப் போட்டார். அது கொதிப்பதற்குள் வேலை முடிந்துவிட்டது. இந்த முறை நான் பெட்பேனைக் கையில் பிடித்து, கண்ணால் கண்டேன். நிரம்பிவிட்டது.

வயிற்றில் கை வைத்தேன். கருப்பை நடுவுக்கு வந்து, தொப்புளுக்குக் கீழே இறங்கி, விரலுக்கடியில் இறுகியது. கையை எடுத்தேன். பத்து எண்ணினேன். இருபது எண்ணினேன். தளரவில்லை. சிஸ்டர் ஒரு டம்ளர் தண்ணீரை எடுத்து நாகம்மாவின் வாயில் வைத்தார். கௌரம்மா இந்த முறை கையை ஆட்டவில்லை.

பிறகு சிஸ்டர் சீட்டை என் முன்னால் வைத்தார். பன்னிரண்டு மணி வரியை அடித்து, கீழே என் கையாலேயே எழுத வைத்தார். 'கேட்டு எழுதியது. பார்க்கவில்லை.' வேலை போய்விடும் என்றே நினைத்தேன். ஐந்து மணிக்கு டாக்டர் வந்து நாகம்மாவைச் சோதித்து, சலைன் ஏற்றச் சொன்னார். சீட்டை முதலிலிருந்து படித்தார். அந்த வரியில் கொஞ்சம் நின்றார். அதற்குக் கீழே கையெழுத்துப் போட்டுவிட்டு, "மேசை இங்கேயே இருக்கட்டும்" என்று சொல்லிப் போனார்.

ஆறு மணிக்கு என் டியூட்டி முடிந்தது. கடைசியாக நாடி பார்த்தேன். எண்பத்தெட்டு. எழுந்தேன். கௌரம்மா என் புடவைத் தலைப்பைப் பிடித்தாள்.

"எத்தன?"

"எண்பத்தெட்டு. நல்லாத்தான் இருக்குது."

"மொதல்ல எத்தன சொன்ன?"

"எண்பத்து நாலு."

"அப்ப இன்னும் நாலு மிச்சங் கீது. எங்க போற? குந்து."

"ராத்திரி நர்ஸ் வந்துட்டாங்கம்மா, அவுங்க பாப்பாங்க..."

"மொதல்ல எண்ணனது நீயா அவுங்களா? குந்தும்மா."

உட்கார்ந்தேன். கிழவி மருமகளின் இன்னொரு கையைத் தன் மடியில் எடுத்து வைத்து, நான் பிடித்த இடத்திலேயே விரலை வைத்தாள். "ஒந்து, எரடு, மூரு" என்று எண்ண ஆரம்பித்தாள். இருபதுக்கு மேல் எண்ணத் தெரியாது. இருபது வந்ததும் மறுபடி ஒந்து. நடு நடுவே, "இப்ப மெதுவாப் போவுதா? இப்ப? இது நின்னுடல இல்ல? குளிருதாடி நாகி? கொழந்த மூச்சு உடுதா பாரும்மா" என்று என்னைக் கேட்டபடியே இருந்தாள். என்னைவிடப் பயந்த ஒரு ஆளை அன்றைக்குத்தான் முதல்முதலாகப் பார்த்தேன். ஆறுதல் சொல்லும் வேலை என் தலையில் விழுந்தது. அது எனக்கு நன்றாகவே வந்தது என்பதைக் கவனித்தேன்.

ஏழு மணிக்குச் சற்று முன்னால், முழு நிமிஷம் எண்ணி, எண்பத்து நாலு என்றேன்.

கிழவி மருமகளின் கையை மெதுவாகக் கீழே வைத்தாள். என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"சரி, போ" என்றாள். "ரோட்டுல லாரி வரும், ஓரமாப் போ. செருப்பு வார வேற அறுந்தாப்புல கீது. விழுந்து தொலைச்சிடாத."

மாதப்பன் லாந்தரை எடுத்துக்கொண்டு என்னோடு வந்தான், என் வீட்டு வாசல் வரைக்கும். அவன் அம்மாதான் அனுப்பினாளாம். நான் உள்ளே போய்த் தாழ் போட்ட சத்தத்தைக் கேட்டுவிட்டுத்தான் திரும்பி வரவேண்டும் என்று சொல்லி அனுப்பினாளாம்.